நிறம் பார்த்த உலையும் மில்லிவோல்ட் பார்க்கும் உலையும்

எஃகைப் பதப்படுத்தும் பட்டறைகளில் ஒரு காலத்தில் உலைப் பக்கத்துச் சன்னலை அடைத்தே வைப்பார்கள். உருப்படியின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைச் சொல்வார்கள்: மங்கிய சிவப்பு 700 டிகிரிக்குப் பக்கம், நல்ல சிவப்பு 800, ஆரஞ்சு தட்டினால் 900 தாண்டிவிட்டது. வெயில் உள்ளே வந்தால் அதே சூடு குறைவாகத் தெரியும். கைதேர்ந்தவரும் கூடுதலாக ஏற்றிவிடுவார்.

மின் உலை வந்தபோது அதன் வடிவமைப்பு பெரும்பாலும் கம்பிக் கணக்காகவே இருந்தது. 1906-இல் அமெரிக்கர் ஆல்பர்ட் மார்ஷ் நிக்ரோமுக்குக் காப்புரிமை பெற்றார். காற்றில் சிவந்து நின்றாலும் சீக்கிரம் பொசுங்காத கம்பி கிடைத்தது. அந்தக் கணக்கு இன்றும் அதேதான். 100 கிலோ எஃகை 850 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 16 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏற்றவேண்டுமானால், சுவர் வழியே போவதையும் தட்டுகள் குடிப்பதையும் சேர்த்து 25 கிலோவாட் வைப்பார்கள்.

மாறியது கட்டுப்பாடுதான். பழைய உலையில் வெப்பமானியின் முள் 850-ஐத் தொட்டதும், மின்சாரத்தை இணைத்து வெட்டும் கான்டாக்டர் 'டக்' என்று விடும். காயிலில் தேங்கிய சூடு அதற்கு மேலும் ஏற்றும். இறங்கியதும் மறுபடி 'டக்'. தடித்த செங்கல் சுவர் இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் பொறுத்துக்கொண்டது. இன்றைய செராமிக் ஃபைபர் சுவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். அதனால், இலக்கிலிருந்து சூடு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலர் அவசியமாகிறது. அதன் கோட்பாடு புதிதல்ல. கப்பலைத் திருப்பும் மாலுமிகளைக் கவனித்து மினோர்ஸ்கி என்ற பொறியாளர் 1922-லேயே எழுதிவிட்டார். உள்ளங்கை அகலப் பெட்டியில் மலிவாகக் கிடைக்க மைக்ரோபிராசசர் வரவேண்டியிருந்தது. கன்ட்ரோலர் சொல்கிறபடி மின்சாரத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தருவது தைரிஸ்டர். சத்தமே இல்லை, உலை ஓடுகிறதா என்று பழைய எலக்ட்ரீஷியன்கள் காயிலை எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் இத்தனை சாமர்த்தியமும், சூட்டை அளந்து மில்லிவோல்ட்டாகச் சொல்லும் தெர்மோகப்பிளின் முனையை நம்பித்தான். கே வகைத் தெர்மோகப்பிள் 850 டிகிரியில் தருவது சுமார் 35 மில்லிவோல்ட். முனை உலைச் சுவரின் துளையிலிருந்து நழுவி வெளியே தொங்கினால், உலை குளிர்ந்திருப்பதாகவே கன்ட்ரோலர் நினைக்கும். முழு மின்சாரத்தையும் கொட்டும். இரண்டு வயரை மாற்றி இணைத்தாலும் இதே கதி. அமெரிக்க முறைக் கேபிளில் சிவப்புதான் நெகட்டிவ். பேட்டரி இணைத்துப் பழகிய கை அதைப் பாசிட்டிவில்தான் முறுக்கும்! எங்கே அளப்பது என்பதும் ஒரு கேள்வி. காயிலை ஒட்டி முனையை வைத்தால் திரையில் 850 காட்டும். நடுவில் அடுக்கிய உருப்படி அந்தச் சூட்டை இன்னும் எட்டியிராது. ஆகவே, இப்போது நல்ல வடிவமைப்பாளர் வாட் கணக்கை முடித்துவிட்டு, முனையின் இடத்துக்கே அதிக நேரம் செலவிடுகிறார்.

தைரிஸ்டர் பழுதானால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. அதற்காகத் தனித் தெர்மோகப்பிள், தனி அதிவெப்பக் கட்டுப்பாடு, அது வெட்டிவிட ஒரு கான்டாக்டர். பழைய 'டக்' ஆசாமி வேலை போய் வீட்டுக்குப் போகவில்லை, காவலுக்கு நிற்கிறார். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் பட்டியலில் வாங்குபவர் முதலில் அடிக்கும் வரியும் இந்தக் காவல்தான். அதை அடிக்க விடாமல் வாதாடுவதும் வடிவமைப்பு வேலையில் சேர்த்தி என்பேன்.