பனிக்காலப் பூவின் பெயரால் ஒரு மனு

என் மகள் ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. 1996 மார்ச் 14-ஆம் தேதி காலை, அவளுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, தண்ணீர்ப் பாட்டிலைத் தோளில் மாட்டி, பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து பத்திரிகையை விரித்தேன். ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்னும் ஊரில், முந்தின நாள் காலையில், ஒரு மனிதன் ஆரம்பப் பள்ளி ஒன்றின் தேகப்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் 16 பேரையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு மாண்டான் என்ற செய்தி அதில் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தாயாருக்கு அதை வாசித்துக் காட்டினேன். வெகு நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “அவன் மனுஷன் இல்லைப்பா, ராக்ஷசன்” என்றாள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அன்று பள்ளிக்கூடம் விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் போலவே இன்னும் இரண்டு மூன்று பேர் அங்கே நின்றார்கள். ஏன் சீக்கிரம் வந்தோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருவனை ராக்ஷசன் என்று சொல்லிவிடுவதில் மனத்துக்கு ஒருவித ஆறுதல் இருக்கிறது. ராக்ஷசர்கள் அபூர்வமாகத் தோன்றுகிறவர்கள். அவர்கள் மாண்டவுடன் கதையும் முடிந்துபோகிறது. கேட்டவர்கள் எழுந்து தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். என் கோபமும் அப்படித்தான் சில தினங்களில் அடங்கிற்று. ஆனால் அந்தக் கோபத்துக்கு உலகத்தில் எல்லோரையும்விட அதிக உரிமை படைத்தவர்களான டன்பிளேன் பெற்றோர்கள், அந்த ஆறுதல் தங்களுக்கு வேண்டாம் என்று மறுத்து, செத்துப்போன மனிதனை விட்டுவிட்டு அவன் கையில் இருந்த பொருளின்மேல் தங்கள் பார்வையைத் திருப்பினார்கள் என்பதை, பின்னால் அந்தச் சம்பவத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் நான் அறிந்துகொண்டேன்.

டன்பிளேன், ஸ்டர்லிங் நகரத்துக்குப் பக்கத்தில், ஆலன் என்ற ஆற்றின் கரையில், புராதனமான தேவாலயம் ஒன்றைச் சுற்றி அமைந்த சிறிய ஊர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத அளவுக்கு அமைதியான ஊர் என்றுதான் அதுவரையில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சுடும் சத்தம் கேட்ட செய்தி பரவியதும் பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடி வந்தார்கள். யாருடைய குழந்தை உயிரோடு இருக்கிறது, யாருடைய குழந்தை இல்லை என்பது தெரியாமல் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. பெற்றவர்கள் யாருக்கும் அது எழுதிக் காட்டாமலே விளங்கும்.

கொலையாளி திருட்டுத்தனமாக ஆயுதம் சம்பாதித்தவன் அல்லன். அன்று அவன் கொண்டுபோன நான்கு கைத்துப்பாக்கிகளும் போலீஸார் கொடுத்த லைசென்ஸின்படி அவனிடம் இருந்தவை. துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து, விளையாட்டுக்காக என்று காரணம் எழுதிக் கொடுத்து, வருஷக்கணக்காக அந்த அனுமதியை அவன் புதுப்பித்து வந்தான். இந்த மனிதனிடம் துப்பாக்கி இருப்பது தகாது என்று 1991-லேயே ஒரு போலீஸ் அதிகாரி மேலிடத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தும், அந்தக் காகிதம் பலன் தரவில்லை. தேகப்பயிற்சிக் கூடத்தில் நடந்ததெல்லாம் மூன்று அல்லது நான்கு நிமிஷத்துக்குள் நடந்து முடிந்தது. அதற்குள் அவன் 105 முறை சுட்டிருந்தான். பை நிறையக் கொண்டுவந்த 743 தோட்டாக்களில் மீதியெல்லாம் உபயோகப்படாமலே கிடந்தன.

இந்தக் கணக்குகளைப் படித்த பிறகுதான் என் மனம் ராக்ஷசனை விட்டு அகன்றது. ஒரு மனிதனுடைய உள்ளத்தில் எத்தனை துவேஷம் இருந்தாலும், வெறுங்கையோடு அவன் நான்கு நிமிஷத்தில் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அழித்தது அவன் உள்ளம் அன்று, அவன் கையில் இருந்த பொருள். அந்தப் பொருளை அவனுக்குக் கொடுத்ததோ சட்டம்.

சம்பவத்துக்கு அடுத்த சில தினங்களில் நடந்தவற்றை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். அப்போது பிரதம மந்திரியாக இருந்த ஜான் மேஜரும், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டோனி பிளேரும் சேர்ந்தே டன்பிளேனுக்குப் போனார்கள். மார்ச் 17-ஆம் தேதி, அந்நாட்டார் அன்னையர் தினமாகக் கொண்டாடும் ஞாயிற்றுக்கிழமையன்று, எலிசபெத் ராணியும் அவர் மகளும் வந்தார்கள். அரசியல்வாதிகள் துக்கத்துக்கு வருவது எந்த தேசத்திலும் வழக்கம்தான். வந்து போன பின்பு என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்கள் சாதாரண ஜனங்கள். அந்தப் பிரதேசத்துத் தாய்மார் சிலர் ஒன்றுகூடி, தனி மனிதர்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதைச் சட்டம் தடை செய்ய வேண்டும் என்று ஒரு மனுத் தயாரித்தார்கள். மார்ச் மாதத்துக் குளிரில் அங்கே வேறு பூ எதுவும் மலர்ந்திருக்கவில்லை. ஸ்நோடிராப் என்ற சிறிய வெள்ளைப் பூ மட்டும் தலைகுனிந்து பூத்திருந்தது. ஆகவே அதன் பெயரையே தங்கள் இயக்கத்துக்கு வைத்தார்கள். கடை வாசல்களிலும் தெருக்களிலும் மேஜை போட்டு, வருவோர் போவோரிடம் காகிதத்தை நீட்டி, சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துக்களைச் சேர்த்துவிட்டார்கள். அரசியல் அனுபவமோ பணபலமோ அவர்களுக்கு இல்லை.

ஆக்ஷேபங்களும் எழாமல் இல்லை. அவற்றில் சில அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடியவையும் அல்ல. ஒரு பைத்தியக்காரன் செய்த குற்றத்துக்காக, சட்டத்துக்கு அடங்கி நடக்கும் ஆயிரக்கணக்கானவர்களைத் தண்டிப்பது எந்த நியாயம் என்று துப்பாக்கிச் சங்கத்தார் கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினையாதவர்கள் என்பதையும், குறி பார்த்துச் சுடுவது பல வருஷ சாதகத்தால் வரும் ஒரு கலை என்பதையும், அதை இழப்பது அவர்களுக்கு மெய்யான வருத்தம் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். பார்லிமெண்டின் உள்நாட்டு விவகாரக் கமிட்டியில் பெரும்பான்மையோர் தடை வேண்டாம் என்றே தீர்மானித்தார்கள். ராணியின் கணவர் பிலிப் கோமகன் அந்த டிசம்பரில் வானொலியில் பேசும்போது, கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பலரை அடித்துக் கொன்றால் கிரிக்கெட் மட்டைகளையெல்லாம் தடை செய்துவிடுவீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேகப்பயிற்சிக் கூடத்தின் தரையில், தோட்டாக்களின் உறைகளாகச் சிதறிக் கிடந்தது. மட்டை கொண்டு வந்தவனை ஆசிரியையும் உதவியாளர்களும் சேர்ந்து மடக்கிப் பிடித்திருக்கக்கூடும். கைத்துப்பாக்கி அதற்கு அவகாசமே அளிக்கவில்லை.

எல்லாவற்றிலும் மரியாதையாகத் தோன்றிய ஆக்ஷேபம் ஒன்று உண்டு. துக்கத்தின் வேகத்தில் சட்டம் செய்யலாகாது, உணர்ச்சி அடங்கட்டும், நிதானம் திரும்பட்டும், பிறகு யோசிப்போம் என்பது அது. நிதானம் நல்ல குணம் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் ஆகையால் என்னையும் அது வெகுநாள் மயக்கிற்று. ஆனால் அதே நாட்டில் 1987 ஆகஸ்டில் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். இயந்திரத் துப்பாக்கியைப் போல் அடுத்தடுத்துச் சுடும் நீண்ட துப்பாக்கிகளை மறு வருஷம் தடை செய்த சர்க்கார், அந்தக் கொலையாளி கைத்துப்பாக்கியையும் உபயோகித்திருந்தும், நிதானமாக யோசித்துக் கைத்துப்பாக்கிகளை விட்டுவைத்தது. அந்த நிதானத்துக்கும் டன்பிளேனுக்கும் இடையே ஒன்பது வருஷம்கூட இல்லை. உணர்ச்சி அடங்கும்வரை காத்திருக்கச் சொல்கிறவர்கள், அது அடங்கிய பின் இந்த விஷயத்தை யார் மறுபடி எடுப்பார்கள் என்று சொல்வதில்லை.

மேலும், டன்பிளேன் பெற்றோர்களின் துக்கம் வெறும் கண்ணீராக நிற்கவில்லை. மனைவியை நோய்க்குப் பறிகொடுத்து, இருந்த ஒரே பெண் குழந்தையையும் அன்று இழந்த தகப்பனார் ஒருவர், விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர். ஆராய்ச்சிக்காரருக்குரிய பொறுமையுடன் சட்டப் பிரிவுகளையும் சாட்சியங்களையும் கற்று, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகவே உழைக்கும் ஸ்தாபனம் ஒன்றை மற்றவர்களுடன் சேர்ந்து நிறுவினார். தங்களுக்கு நேர்ந்ததை அவர்கள் அறிந்தது போல் வேறு எந்த நிபுணரும் அறிய முடியாது. அந்த அறிவையும் அறிவு என்றே நாம் கணக்கில் வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கல்லன் பிரபு தலைமையில் ஸ்டர்லிங்கில் நடந்த விசாரணையின் அறிக்கை 1996 அக்டோபரில் வெளியாயிற்று. கைத்துப்பாக்கிகளை உபயோகிக்காத வேளையில் செயலற்றதாக்கி வைக்க வழி செய்யலாம், அது சாத்தியமில்லையானால் தனி நபர்கள் அவற்றை வைத்திருப்பதையே தடை செய்வதைப் பற்றி யோசிக்கலாம் என்ற அளவில் அது நின்றது. சர்க்கார் அதற்கும் மேலே சென்றது. 1997 பிப்ரவரியில் மேஜர் மந்திரிசபை, புள்ளி 22 என்ற சிறிய அளவுக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அந்த வருஷம் மே மாதத்தில் பதவிக்கு வந்த பிளேர் மந்திரிசபை, வருஷம் முடிவதற்குள் அந்தச் சிறிய ரகத்தையும் சேர்த்துத் தடை செய்தது. நஷ்டஈடு பெற்றுக்கொண்டு ஜனங்கள் போலீஸ் நிலையங்களில் ஒப்படைத்த கைத்துப்பாக்கிகள் ஏறத்தாழ 1,62,000. அந்த நாட்டு வீரர்கள் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்கு வெளிநாடு சென்று பழக வேண்டியதாயிற்று. 2012-ல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது அதற்கென்று விசேஷ அனுமதி தேவைப்பட்டது.

இதனால் துப்பாக்கிக் குற்றமே அங்கு ஒழிந்தது என்று சொன்னால் அது பொய். தடை வந்த முதல் சில வருஷங்களில், கள்ளத்தனமாக வந்த கைத்துப்பாக்கிகளைக் கொண்டு செய்த குற்றங்கள் குறைவதற்குப் பதிலாக அதிகமாயின. 2010-ல் கம்பிரியாவில் ஒருவன், லைசென்ஸ் பெற்ற வேட்டைத் துப்பாக்கியாலும் ரைஃபிளாலும் 12 பேரைக் கொன்றான். 2021-ல் பிளிமத் நகரில் ஐந்து பேர் மாண்டார்கள். அந்தக் கொலையாளியிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்த போலீஸாரே மறுபடி அதை அவனிடம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஆகையால் சட்டப் புத்தகத்தில் எழுதியதோடு வேலை முடிவதில்லை. ஆயினும், டன்பிளேனுக்குப் பிறகு பிரிட்டனில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு காலை விடியவில்லை.

அமெரிக்காவில் 2012 டிசம்பர் 14-ஆம் தேதி சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் மாண்டபோது, அங்கே இருந்த பெற்றோர்களும் இதே வழியில்தான் சட்டசபை வாசலில் போய் நின்றார்கள். துப்பாக்கி வாங்குகிறவர்களின் பூர்வோத்திரத்தை இன்னும் விரிவாக விசாரிக்க வேண்டும் என்ற மிதமான ஏற்பாட்டுக்குக்கூட, மறு வருஷம் ஏப்ரலில் செனட் சபையில் 54 வாக்குகளே கிடைத்தன, வேண்டியிருந்தவை 60. அந்தச் செய்தியைப் படித்த அன்று, 1996-ல் வந்ததைவிட எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது. இம்முறை அது எந்த ராக்ஷசன்மீதும் வந்த கோபம் அன்று. பின்னர் ஃபிளாரிடாவின் பார்க்லண்டு பள்ளியில் 2018 பிப்ரவரியில் 17 பேர் மாண்டு, உயிர் தப்பிய மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, டன்பிளேன் குடும்பங்கள் தங்கள் துக்கத்தின் 22-ஆவது ஆண்டு நிறைவையொட்டி அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பின.

தேகப்பயிற்சிக் கூடத்தைச் சம்பவம் நடந்த சில வாரங்களிலேயே இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு தோட்டம் இருக்கிறது. அதே ஊரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தனி ரகமாகக் கண்டெடுத்த ஸ்நோடிராப் ஒன்றுக்கு, மாண்டுபோன குழந்தைகளில் ஒருத்தியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். செடி வளர்ப்பவர்கள் அந்தக் கிழங்கைப் பிரித்துப் பிரித்து நட்டு, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். அவளைப் பார்த்தறியாதவர்களின் தோட்டங்களிலும் குளிர் விலகுமுன் அவள் பெயரோடு அது பூத்துக்கொண்டிருக்கிறது.