பிரௌனிங் பாறைச்சுவர்

கனடாவின் வான்கூவர் தீவுக்கு வடக்கே, நைஜீ தீவுக்கும் பாலக்லாவா தீவுக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய நீர்ப்பாதை. அதன் கரைப்பாறை அலைமட்டத்தோடு நிற்பதில்லை; செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அங்கே வெறும் பாறையைக் காண்பதே அரிது. வெள்ளைக் கடற்சாமந்திகளும் மஞ்சள் கடற்பஞ்சுகளும் செந்நிற மென்பவளங்களும் நெருக்கியடித்துப் படர்ந்திருக்கின்றன. பவளம் வெப்பக் கடலுக்கே உரியது என்ற எண்ணம் இங்கே கரைந்துபோகும்.

இந்தச் செழிப்பைத் தருவது நீரோட்டம். ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் இந்த இடுக்கில் தண்ணீர் விரைந்து பாய்ந்து, மிதவையுயிரிகளை அள்ளிவருகிறது. சுவரில் ஒட்டிய உயிர்களுக்கு இரை வீடு தேடி வரும். முக்குளிப்போரோ, ஓதம் திரும்பும் சிறுபொழுதின் அமைதிக்காகப் படகில் காத்திருக்கிறார்கள். நீர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால், உடல் நனையாத உலர் உடை வேண்டும்.

கைவிளக்கும் அவசியம். சிவப்பு ஒளியை நீர் முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆழத்தில் மென்பவளம் மங்கிக் கறுத்துத் தெரியும். விளக்கொளி பட்ட கணமே குங்குமமாய்ச் சிவக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் மூச்சடைக்க வைக்கும் காட்சி அது.

பாறைப் பிளவுகளையும் நிதானமாகப் பாருங்கள்: பசிபிக் பேராக்டோபஸ் பதுங்கும் இடம். கால்துடுப்பு சுவரில் படாமல் விலகியே நீந்துங்கள்.