தாம்பத்தியத்தில் வலி: வெட்கத்தால் மூடி வைக்கும் விடயமல்ல

உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பெண்ணுக்குத் தூக்கத்தில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்புக் கடமையா என்று நேரடியாகவே கேட்டார்கள். ஈரத்தைக் கண்டால் குளிக்க வேண்டும் என்று பதில் கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்தச் சம்பவத்தைக் குளிப்பின் சட்டத்துக்காக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். பெண்ணின் உடலுக்கும் ஆசை உண்டு, இன்பம் உண்டு என்பது அங்கே மறுக்கப்படவில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

இன்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கலியாணம் முடித்த ஒரு பிள்ளை, உறவின்போது வலிக்கிறது என்று யாரிடம் சொல்வாள்? உம்மாவிடம் சொன்னால் போகப் போகச் சரியாகும் என்பார். ராத்தாவிடம் சொன்னால் எல்லாருக்கும் அப்படித்தான் என்பாள். கணவனிடம் சொல்லவே மாட்டாள். இப்படியே நாலு பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

சாதாரண நேரத்தில் யோனியின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியபடிதான் இருக்கும். பெண்ணுக்கு ஆசை எழும்போது அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. சுவர்களின் ஊடாக ஈரம் கசிகிறது. உட்பகுதி நீண்டு விரிகிறது, கர்ப்பப்பை சற்று மேலே எழும்புகிறது. மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1966இல் வெளியிட்ட நூலிலேயே இது விளக்கப்பட்டுவிட்டது. இந்த மாற்றங்களுக்கு நேரம் வேண்டும். அதற்கு முன் அவசரப்பட்டால் உராய்வு, எரிவு, சிறு கீறல்கள். அடுத்த முறை வலிக்கப்போகிறது என்ற பயத்தில் தசைகள் தாமாகவே இறுகும், அதனால் இன்னும் வலிக்கும். ஈரம் இருந்தால் அவளுக்குச் சம்மதம் என்று அர்த்தமுமில்லை. உடல் தன்பாட்டில் ஈரமாகலாம்; சம்மதத்தை அவள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பெண்ணின் இன்பத்துக்கு முதன்மையான உறுப்பு கிளிட்டோரிஸ். யோனிவாயிலுக்கு மேலே மொட்டுப் போலத் தெரிவது அதன் நுனி மட்டும்தான் என்றும், மிச்சம் உள்ளே இரு பக்கமும் விரிந்து கிடக்கிறது என்றும் ஆவுஸ்திரேலிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹெலன் ஓகோனல் 1998இல் எடுத்துக் காட்டினார். அதனால்தான் பல பெண்களுக்கு உள்நுழைவு மட்டும் உச்சத்தைத் தருவதில்லை. அது குறைபாடல்ல, உடலின் அமைப்பு. (நம் நாட்டில் பெண் குழந்தைக்கு ஒஸ்தா மாமியின் பிளேட் தொடுவதும் இதே இடத்தைத்தான். வைத்தியர்கள் அதைச் செய்யக்கூடாது என்று 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அதைத் தனியாகப் பேச வேண்டும்.)

கணவன் தன் தேவை முடிந்ததும் எழுந்துவிடக் கூடாது, மனைவிக்கு அது தாமதமாக வரலாம், அவளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி இஹ்யாவின் திருமண ஒழுக்கங்கள் பகுதியில் எழுதிவிட்டார். அவர் மறைந்தது 1111இல். முத்தமும் பேச்சும் முன்தூதாக இருக்கட்டும் என்ற ஹதீஸ் பலவீனமானது என்று அறிஞர்கள் சொல்வார்கள், சரி. அதற்காக முத்தமும் பேச்சும் பலவீனமாகிவிடாது.

காத்திருக்கத் தனிமையும் வேண்டுமே. 1990 ஒக்டோபர் இறுதியில் விரட்டப்பட்ட நமது சனம் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தது. மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். இடையில் ஒரு சீலை மட்டும். சத்தமில்லாமல், சீக்கிரமாக என்று பழகிய தம்பதியிடம் ஆறுதலை எங்கே தேடுவது? திரும்பி வந்த பின்னும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பம் இருப்பது தொடர்கிறது. வீட்டுத் திட்டம் பற்றிப் பேசும்போது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரணம் இது.

முதலிரவில் இரத்தம் வரத்தான் வேண்டும் என்ற எண்ணமும் பல பிள்ளைகளைப் பயத்தோடு அறைக்குள் அனுப்புகிறது. கன்னிச்சவ்வு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம், பலருக்கு இரத்தம் வருவதேயில்லை. கன்னித்தன்மையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் அறிவித்தது.

ஆசையும் நேரமும் இருந்தும் வலித்தால் வேறு காரணம் தேட வேண்டும். பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஹோர்மோன் குறைந்து வறட்சி வரும். பூஞ்சைத் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ், பிரசவத் தையல், சில மாத்திரைகள், சீனி வருத்தம் எல்லாம் காரணமாகலாம். வறட்சிக்கு ஃபார்மஸியில் நீர் கலந்த ஜெல் கிடைக்கும். தேங்காயெண்ணெய் ஆணுறையைப் பழுதாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். எதுவுமே நுழைய முடியாதபடி தசை இறுகுவதை வஜைனிஸ்மஸ் என்பார்கள். அது பிடிவாதமோ ஜின்னோ அல்ல. தசைப் பயிற்சியாலும் ஆலோசனையாலும் பலருக்குச் சரியாகிறது. இந்த ஒன்றுக்காகத் தலாக் வரை போன குடும்பங்கள் ஒரு வைத்தியரைப் பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ யாழ் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கோ போகலாம். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம். முதல் நாளே உள்ளே பரிசோதிக்க விடவேண்டும் என்று கட்டாயமில்லை, பேசிவிட்டு வரலாம். கணவன் வாசலில் மோட்டார் சைக்கிளில் இருக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.