உங்களுக்குத் தெரியுமா? கரியில்லா இஸ்திரி வண்டி

திருவண்ணாமலையில் 12 வயதுச் சிறுமி வினிஷா உமாசங்கர், இஸ்திரிக்காரர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நாம் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சிதான். அவருக்கோ அது கேள்வியாகிவிட்டது: தலைக்கு மேல் இவ்வளவு வெயில் காயும்போது கரி எதற்கு?

கற்பனை காகிதத்தில் வரைபடமானது. வண்டிக் கூரையில் சோலார் தகடுகள், அடியில் பேட்டரி. 5 மணி நேர வெயிலில் ஏறும் மின்சாரம் இஸ்திரிப் பெட்டியை 6 மணி நேரம் இயக்கும். தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள் உதவ, மாதிரி வண்டி உருவானது. பள்ளிப் பிள்ளைகளின் யோசனைகளைத் தேடிப் பிடித்து உருவம் கொடுப்பது அந்த அரசு அமைப்பின் பணிகளில் ஒன்று.

வினிஷாவுக்கு 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு. பிரிட்டன் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று 2021இல். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் முன் 15 வயதில் பேசினார்.

நாள் முழுக்கக் கரிப்புகையைச் சுவாசிப்பவரின் நுரையீரலும், கரிக்காக வெட்டப்படும் மரமும் வினிஷா போட்ட கணக்கில் இருந்தன. வண்டியிலேயே செல்போனுக்கு சார்ஜ் ஏற்றித் தந்து இஸ்திரிக்காரர் கூடுதலாகச் சம்பாதிக்கவும் வழி வைத்திருந்தார்.