கறுப்பினத்தவர் வேண்டாம் என்ற வாஷிங்டன்... ஏழே வாரத்தில் மனம் மாறியது ஏன்?

எல்லா மனிதர்களும் சமம் என்று 1776-ல் அறிவித்த நாடு அமெரிக்கா. அதை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனும் சரி, சுதந்திரப் போரை நடத்திய ஜார்ஜ் வாஷிங்டனும் சரி, அடிமைகளை வைத்திருந்தவர்கள். அப்போ அந்தப் போரில் கறுப்பினத்தவர் யார் பக்கம் நின்றார்கள்? ரெண்டு பக்கமும்!

முதல் நாளிலேயே களத்தில்

1775 ஏப்ரல் 19, லெக்சிங்டன். பிரிட்டிஷ் படையுடன் நடந்த முதல் மோதலில் காயம்பட்டவர்களில் ஒருவர் பிரின்ஸ் எஸ்டாப்ரூக். அவர் ஓர் அடிமை. ஜூனில் நடந்த பங்கர் ஹில் சண்டையில் சேலம் புவர் காட்டிய வீரத்தைப் பாராட்டி 14 அதிகாரிகள் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். காசு கொடுத்துத் தன்னைத் தானே மீட்டுக்கொண்டவர் அவர்.

ஆனாலும், நவம்பர் 12-ல் வாஷிங்டன் உத்தரவு போட்டார்: கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கக் கூடாது. அடிமை கையில் துப்பாக்கி போனால் நாளைக்கு நம் பக்கமே திரும்புமே என்ற பயம், தென் பகுதி பண்ணை முதலாளிகளுக்கு.

ஆட்டத்தை மாற்றிய அறிவிப்பு

அதே நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் தப்பிவந்து ஆயுதம் ஏந்தினால் விடுதலை! இரக்கமெல்லாம் இல்லை, பக்கா போர்க் கணக்கு. பிரிட்டனுக்கு விசுவாசமான முதலாளிகளின் அடிமைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. நூற்றுக்கணக்கானோர் அவரிடம் ஓடினார்கள்.

டிசம்பர் 30-ல் வாஷிங்டன் இறங்கிவந்தார். அடிமையாக இல்லாத கறுப்பினத்தவர் சேரலாம் என்றார். ஏற்கெனவே படையில் இருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்று காங்கிரஸ் அதையும் சுருக்கியது.

ஆள் பஞ்சம் திறந்த கதவு

போர் நீண்டது, ஆள் கிடைக்கவில்லை. 1778 பிப்ரவரியில் ரோட் ஐலண்ட் ஒரு சட்டம் போட்டது. படையில் சேரும் அடிமைக்கு உடனே விடுதலை. முதலாளிக்கு 120 பவுண்டு வரை இழப்பீடு. ஆகஸ்டில் அந்தப் படைப்பிரிவு களம் கண்டது. ஆனால் முதலாளிகளின் எதிர்ப்பால், ஜூனிலேயே புதிய அடிமைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

3,000 அடிமைகளைக் கொண்டு படை திரட்டச் சொல்லி 1779-ல் காங்கிரஸ் பரிந்துரைத்தது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் மறுத்துவிட்டன.

ஜெயித்த பிறகு?

அமெரிக்கத் தரப்பில் சுமார் 5,000 கறுப்பின வீரர்கள் போரிட்டதாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. வர்ஜீனியாவில் சில முதலாளிகள் தங்களுக்குப் பதிலாக அடிமையைப் போருக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும், 'நீ இன்னும் என் அடிமைதான்' என்று திரும்பப் பிடிக்கப் பார்த்தார்கள்! அதைத் தடுக்க 1783-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், வாஷிங்டன் பண்ணையிலிருந்தே தப்பி பிரிட்டிஷாரிடம் சேர்ந்த ஹாரி வாஷிங்டன், நோவா ஸ்கோஷியா போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் குடியேறினார்.

1792-ல் அமெரிக்கா புது மிலிஷியா சட்டம் கொண்டுவந்தது. அதில் சேர வேண்டியவர்கள் யார் தெரியுமா? உடல் தகுதியுள்ள, சுதந்திரமான, வெள்ளை ஆண்கள். லெக்சிங்டனில் ரத்தம் சிந்திய எஸ்டாப்ரூக் போன்றவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.