கரிய களிமண்ணும் வீட்டின் அத்திவாரமும்

குளிர்மிகுந்த மேனாடுகளில் வீட்டுக்கு அடியிலே நிலக்கீழ் அறை அமைப்பது வழக்கம். அவ்வறைக்குள் நீர் கசிவதும், ஈரமண்ணின் நெருக்கத்தால் அதன் சுவர்கள் உட்புறம் வளைவதும் அங்குள்ளோர்க்குத் தீராத தொல்லைகள். வன்னிப் பெருநிலத்தில் அத்தகைய அறை தோண்டுவோர் அரியர். ஆயினும் துணுக்காய்ப் பகுதியிலும் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலும் காணப்படும் கரிய களிமண், அறையில்லாத வீட்டின் அத்திவாரத்தையும் அசைத்துவிடும் இயல்புடையது.

இக்களிமண் நீரை உண்டாற் பருக்கும், இழந்தாற் சுருங்கும். ஆனி, ஆடி மாதங்களில் வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் மூடிக்கொள்ளும். நெல்லுக்கு நீரைப் பிடித்துவைக்கும் அக்குணமே வீட்டுக்குத் தீங்காகின்றது. வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழுள்ள மண் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்க, ஓரத்து மண் மட்டும் நனைந்தும் காய்ந்தும் மாறுகின்றது. ஓரம் எழுந்து தாழ, நடு நிலைத்து நிற்க, இடைப்பட்ட சுவர் பிளக்கின்றது. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு இதன் அடையாளம். ஆகவே அத்திவாரத்துக்குப் பகை ஈரமன்று. ஈரத்தின் ஏற்றத்தாழ்வே எனலாம்.

2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் வன்னியில் மீளக்குடியமர்ந்தோர் பலர் உதவித் திட்டங்களின் வழியாக வீடு கட்டினர். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. கட்டும் பொறுப்பு குடும்பத்தினருடையது. அளந்து கிடைத்த பணத்தில் கூரைவரை எழுப்ப வேண்டியவர், மண்ணுக்குள் மறையும் வேலையிற் சிக்கனம் பிடிக்க நினைப்பது இயல்பே. அத்தகைய வீட்டிற் பிளவு கண்டால் இரண்டாம் வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

வெடிப்பைக் கண்டதும் மேசனை அழைத்துச் சீமெந்து பூசுவோர் பலர். வவுனிக்குளத்து நீரில் வேளாண்மை செய்வோர், குளக்கட்டின் வெளிப்புறத்திற் கசிவு கண்டால் அவ்விடத்தை மட்டும் மெழுகிவிட்டுப் போவார்களா? நீர் எங்கிருந்து வருகிறதென்றே முதலில் தேடுவார்கள். வீட்டுக்கும் அதுவே முறை. கூரைநீர் சுவரடியில் விழுகிறதா, குளிக்கும் இடத்து நீர் அங்கேயே தேங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். பீலி பொருத்தி நீரைத் தொலைவிற் கொண்டுசெல்லலாம். சுவரைச் சுற்றி 10 அடி தூரத்துக்கு அரை அடியேனும் சரியுமாறு நிலத்தைத் திருத்தி, சுவரோரம் 3 அடி அகலத்துக்குச் சீமெந்துத் தளம் இடலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது, பயனோ பெரிது. பழைய மண்வீடுகளின் தாழ்ந்த ஓலைத் தாழ்வாரமும் உயர்ந்த திண்ணையும் இதையே செய்தன. புதிய வீடுகள் அவற்றைக் கைவிட்டது வருந்தத்தக்கது.

ஈரத்தை வடிக்கவென்று அத்திவாரத்தை ஒட்டிக் கிடங்கு வெட்டி மணல் நிரப்புவது களிமண் நிலத்தில் ஆபத்தானது. வெளிவாய் இல்லாவிடின் அது தொட்டியாகி, நீரை அத்திவாரத்தடியிலேயே நிறுத்திவைக்கும்.

சுவரின் அடியிலிருந்து ஏறும் ஈரம் வேறு. அது செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, உப்பைப் பூக்கவைத்துப் பூச்சை உதிர்க்கும். அதன்மேல் இறுகிய சீமெந்துப் பூச்சிட்டால் ஈரம் இன்னும் உயரும். கட்டும்போதே அத்திவாரத்தின் தலையில் சீமெந்துச் சாந்தும் தாரும் கொண்ட ஈரத்தடுப்புப் படை இடுவதே சிறந்தது.

வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலாற் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மாரியும் ஒரு கோடையும் கவனித்தபின் அடைப்பது நன்று. கோட்டைத் தாண்டி அது நீளுமாயின் அத்திவாரம் இன்னும் அசைகின்றது. பூச்சு வேலைக்குக் காலம் வரவில்லை. சுவர் சாய்ந்தாலோ பிளவில் விரல் நுழைந்தாலோ காத்திருத்தல் ஆகாது. அப்பக்கத்தில் உறங்குவதைத் தவிர்த்துப் பொறியியலாளரை அழைத்தல் வேண்டும். அத்திவாரத்துக்குக் கீழே புதுத் தாங்கல் கொடுக்க நேரின், 3 அல்லது 4 அடித் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகவே தோண்டுவர். முதற்றுண்டின் கொங்கிறீற்று இறுகுமுன் பக்கத்துத் துண்டிற் கைவைத்தால், மண்வெட்டி பிடித்தவன்மேலேயே சுவர் விழக்கூடும்.