எடையைச் சொல்லித்தான் ஸ்கீ வாங்க வேண்டும்

சுவிஸில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பாடசாலை ஸ்கீ முகாம்களிலேயே சறுக்கப் பழகிவிடுகிறார்கள். வளர்ந்தபின் அவர்களில் சிலருக்கு, இயந்திரம் சமப்படுத்திய பாதைகள் போதாமல், புதிதாக விழுந்த ஆழமான தூள்பனியில் இறங்கிப் பார்க்கும் ஆசை வருகிறது. நூறு கிலோவை நெருங்கும் உடல்வாகு கொண்ட ஒருவர், கையில் அளவான பணத்தோடு விசாரிக்கத் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். இருப்பதில் அகலமான ஸ்கீயை எடு என்பது ஒன்று. பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்கை நன்றாக இறுக்கிவிடு என்பது மற்றது. முதலாவது பணத்தை வீணாக்கும், இரண்டாவது காலை முறிக்கும். எடை கூடியவருக்குச் செலவு குறைந்த வழியும் பாதுகாப்பான வழியும் ஒன்றேதான்: எடையை மறைக்காமல் சொல்ல வேண்டும், அகலத்துக்கு முன் நீளத்தையும் விறைப்பையும் பார்க்க வேண்டும், சென்ற பருவத்தில் விற்காமல் நின்ற ஸ்கீகளைத் தேட வேண்டும், பைண்டிங்கைக் கருவியில் சோதித்து அதற்கான தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

அகலத்தின் மேல் உள்ள நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒஸ்திரியாவின் அட்டமிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரூபர்ட் ஹூபர் ஒரு ஸ்னோபோர்டை நீளவாக்கில் அறுத்து இரண்டாக்கிப் பார்த்ததிலிருந்தே அகல ஸ்கீயின் கதையைத் தொடங்குவார்கள். 2000களின் தொடக்கத்தில் ஷேன் மெக்கொங்கி, தண்ணீர்ச் சறுக்குப் பலகையின் வடிவத்தைப் பின்பற்றி, நுனியும் வாலும் மேல்நோக்கி வளைந்த ‘ஸ்பாட்டுலா’ என்ற ஸ்கீயை வொலன்ட் நிறுவனத்தின் மூலம் கொண்டுவந்தார். பரப்பு கூடினால் மிதக்கும் என்பதை முதலாமவர் காட்டினார். வடிவமும் வேகமும் சேர்ந்தே மிதக்க வைக்கும் என்பதை இரண்டாமவர் காட்டினார். கடைப்பேச்சில் முதல் பாடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கணக்குப் போட்டால் அதன் எல்லை தெரிந்துவிடும். ஒரே சோடி ஸ்கீயில் 70 கிலோ உள்ளவர் நிற்கும்போது பனி தாங்கும் அழுத்தமே 100 கிலோ உள்ளவருக்கும் வேண்டுமென்றால், பரப்பு ஏறத்தாழ 43 வீதம் கூட வேண்டும். நீளத்தை 178 சென்டிமீட்டரிலிருந்து 190க்குக் கொண்டுபோனால் 7 வீதம் கிடைக்கும். இடுப்பகலத்தை, அதாவது பூட்ஸுக்குக் கீழே உள்ள அகலத்தை, 100 மில்லிமீட்டரிலிருந்து 115க்குக் கூட்டினால் இன்னும் 12 வீதம் அளவில் சேரும். இரண்டையும் கூட்டினாலும் வேண்டியதில் பாதியைத்தான் எட்டலாம். மீதியை வேகமும், மேல்நோக்கி வளைந்த நுனியும், சறுக்குபவரின் சமநிலையும்தான் தர வேண்டும். ஆகவே, மிக அகலமான ஸ்கீயை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது தப்புக்கணக்கு.

அகலத்துக்கு விலையும் உண்டு. தூள்பனி நாள் முழுவதும் தூளாக இருப்பதில்லை. மதியத்துக்குள் எல்லோரும் கிழித்துவிட்ட மேடுபள்ளமாகும். கடைசியில் வீடு திரும்புவது இறுகிய பாதை வழியாகத்தான். அந்த இறுகிய பனியில் 120 மில்லிமீட்டர் ஸ்கீயை விளிம்பில் நிறுத்த முழங்கால் கூடுதலாகப் பாடுபடும். எடை கூடியவரின் முழங்கால் ஏற்கெனவே போதுமான அளவு சுமக்கிறது. ஒரே சோடியில் எல்லாவற்றையும் சமாளிக்க விரும்புபவருக்கு, 100க்கும் 110க்கும் இடைப்பட்ட இடுப்பகலமும், தம் உயரத்தைவிட ஐந்து பத்து சென்டிமீட்டர் கூடிய நீளமும் பொருத்தமான தொடக்கம் என்பது என் கருத்து. நுனி வளைந்த ஸ்கீயில் பனியைத் தொடும் பகுதி குறைவு. அதனால் அந்த நீளம் கையாளுவதற்குப் பாரமாக இருக்காது. நீளத்தைவிட முக்கியம் விறைப்பு. மலையேறிச் சறுக்குவதற்காகச் செய்யப்படும், ஒன்று 1.5 கிலோவுக்கும் குறைவான ஸ்கீகள் தூக்கிப் பார்க்கும்போது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் பாரமானவர் கீழ் அவை மடங்கும், கிழிந்த பனியில் தட்டுண்டு அலையும். மர உள்ளீடும், முடிந்தால் உலோகத் தகடும் கொண்ட, ஒன்று 2 கிலோ அளவுள்ள ஸ்கீதான் அந்த உடலைத் தாங்கி நேர்கோட்டில் ஓடும். நல்ல செய்தி என்னவென்றால், பலரும் பாரம் குறைந்ததைத் தேடுவதால் நீளமான, விறைப்பான சோடிகள்தான் பருவ முடிவில் மலிவு விற்பனையில் மிஞ்சி நிற்கின்றன. பல நிறுவனங்கள் ஒரே அச்சை இரண்டு மூன்று பருவங்களுக்கு வைத்துக்கொண்டு மேல்படத்தை மட்டும் மாற்றுகின்றன. பங்குனி, சித்திரையில் வாங்குபவர் இழப்பது பெரும்பாலும் புதுப் படத்தை மட்டும்தான்.

இனி பைண்டிங்குக்கு வருவோம். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விழும்போது காலை விடுவிக்க வேண்டிய வேளையில் விடுவிப்பதும், மற்ற வேளையில் பிடித்துவைத்திருப்பதும் அதன் வேலை. எந்த அளவில் விடுவிக்க வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தரத்தின் அட்டவணை கூறுகிறது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகிய ஐந்தும் அதற்கு வேண்டும். எடை கூடியவர்கள் அறிந்திராத விஷயம் ஒன்று அதில் உண்டு. எடைக்கான கடைசி வரிசை 95 கிலோவிலேயே தொடங்கிவிடுகிறது; 96 கிலோ உள்ளவரும் 130 கிலோ உள்ளவரும் ஒரே வரிசைதான். அதற்கும் மேலாக, எடை ஒரு வரிசையையும் உயரம் இன்னொரு வரிசையையும் காட்டினால், குறைந்த அளவுள்ள வரிசையையே எடுக்க வேண்டும். 105 கிலோ எடையும் 172 சென்டிமீட்டர் உயரமும் உள்ளவருக்கு, எடையின்படி கடைசி வரிசை. உயரத்தின்படி அதற்கு இரண்டு வரிசை மேலே. தொடக்கப்புள்ளி உயரம் காட்டும் அந்த வரிசைதான். உடல் பருத்துவிட்டது என்பதற்காகக் கால் எலும்பு அதே வீதத்தில் தடிப்பதில்லை. பிறகு, வேகமாகச் சறுக்குபவர் என்றால் அளவு கூடும். 50 வயதைத் தொட்டவர் என்றால் குறையும். இவற்றையெல்லாம் பார்த்தபின், நூறு கிலோக்காரர் பலருக்கு வரும் விடுவிப்பு எண் ஒற்றை இலக்கத்திலேயே நிற்கும். 16 வரை இறுக்கக்கூடிய, விலை கூடிய பந்தய பைண்டிங்கை அவர்கள் தலையில் கட்ட எந்த நியாயமும் இல்லை. 12, 13 வரை போகும் சாதாரண பைண்டிங் போதும்.

ஆழப்பனியில் ஸ்கீ தானாகக் கழன்றுவிடுகிறதே, இறுக்காமல் என்ன செய்வது என்று கேட்பார்கள். அந்த அனுபவம் பொய்யல்ல. ஆனால் அப்படிக் கழல்வதற்குப் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியோ, பூட்ஸ் நீளத்துக்கு ஏற்ப முன்தள்ளும் அழுத்தம் சரியாக வைக்கப்படாததோ காரணமாக இருப்பது வழக்கம். திருகைக் கூடுதலாக முடுக்கினால் அந்தக் குறை போகாது. விழும்போது காலை விடாத இன்னொரு குறைதான் சேரும். நானே திருகாணியால் எண்ணை வைத்துக்கொள்கிறேன் என்பது அடுத்த வாதம். பைண்டிங்கின் கண்ணாடிச் சாளரத்தில் தெரியும் எண் சுருளின் நிலையைத்தான் காட்டுகிறது. தேய்ந்த சுருளும் அழுக்கேறிய பொறியும் உண்மையில் எவ்வளவு விசையில் விடுவிக்கின்றன என்பதைக் கருவியில் அளந்தால்தான் தெரியும். சுவிஸ் விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையமான பி.எஃப்.யூ., ஒவ்வொரு பருவமும் இப்படி அளக்கச் சொல்கிறது. அளந்த பைண்டிங்குக்கு ஒட்டும் ஸ்கீ வில்லையும் அதனிடம் உண்டு. சரியாக வைத்த பைண்டிங்கும் முழங்காலின் உள் தசைநாரை எப்போதும் காப்பாற்றுவதில்லை. ஆனால் கெண்டைக்கால் எலும்பு முறிவைத் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு இருக்கிறது. கூச்சத்தில் எடையைப் பத்துக் கிலோ குறைத்துச் சொல்பவரும், பெருமைக்காகத் தம் திறமையைக் கூட்டிச் சொல்பவரும் இந்தக் கணக்கு முழுவதையும் கெடுத்துவிடுகிறார்கள். வாடகைக்கு எடுக்கும்போதும் இது பொருந்தும். பருவத்தில் இரண்டொரு நாள் மட்டும் தூள்பனிக்குப் போகிறவருக்கு வாடகையே சிக்கனம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய சோடி வாங்குபவர் இன்னொரு பொறியைக் கவனிக்க வேண்டும். எந்தெந்த பைண்டிங்குகளுக்கு இன்னும் பொறுப்பேற்கிறோம் என்ற பட்டியலைத் தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். அதிலிருந்து நீங்கிய பைண்டிங்கைத் தொட முறையான கடை மறுத்துவிடலாம். அப்போது 150 பிராங்குக்கு வாங்கிய ஸ்கீக்குப் புது பைண்டிங்கும் பொருத்துகூலியும் சேர்ந்து மலிவு போய்விடும். உங்கள் பூட்ஸ் அடி தட்டையான பழைய வகையா, நடப்பதற்கு வளைத்த கிரிப்வோக் வகையா, மலையேறும் வகையா என்பதும் அந்த பைண்டிங்குக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத அடியோடு எந்த எண்ணும் பொருளற்றது. எத்தனை முறை துளையிடப்பட்டிருக்கிறது, விளிம்பு வெடித்திருக்கிறதா, அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால் காசு கொடுக்குமுன் பைண்டிங்கின் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டுவிடுங்கள்.

உரிமைகள் வாங்கும் இடத்தைப் பொறுத்து மாறுகின்றன. சுவிஸ் கடமைகள் சட்டத்தின் 210ஆம் பிரிவின்படி குறைபாட்டுக்கான காலம் இரண்டு ஆண்டுகள். வியாபாரி தனிப்பட்ட பாவனைக்கு விற்கும் பழைய பொருளுக்கு அதை ஓராண்டுக்குக் கீழ் குறைக்க முடியாது. ஆனால் ‘உத்தரவாதம் இல்லை’ என்று ஒப்பந்தத்தில் எழுதி முழுப் பொறுப்பையும் விலக்கிவிட அதே சட்டம் இடம் தருகிறது. தெரிந்தே மறைத்த குறைக்கு மட்டும் அந்த விலக்கு செல்லாது. தனியார் விற்கும்போது இந்த வரி பெரும்பாலும் இருக்கும். ஆகவே ‘வெடிப்பு எதுவும் இல்லை’ என்று அவர் எழுதியதைச் சேமித்து வையுங்கள். குறையைக் கண்டதும் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும் என்பதை 201ஆம் பிரிவு கேட்கிறது. பருவம் முடியட்டும் என்று காத்திருந்தால் உரிமை போய்விடும். இணையத்தில் வாங்கியதைப் பதினான்கு நாளில் திருப்பலாம் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி சுவிஸ் சட்டத்தில் இல்லை. கடை தானாகத் தந்தால்தான் உண்டு. ஜேர்மனியிலோ ஒஸ்திரியாவிலோ கடைக்குப் போய் வாங்கினால் இரண்டு ஆண்டு உத்தரவாதம் சட்டப்படி கிடைக்கும். அதேவேளை, 2025 ஜனவரி முதல் ஒருவர் ஒரு நாளில் வரியின்றி எல்லை தாண்டிக் கொண்டுவரக்கூடிய பொருளின் பெறுமதி 150 பிராங்காகக் குறைந்துவிட்டது. அதற்கு மேற்பட்டால் சுங்கத்தில் அறிவிப்பது கட்டாயம்.

கடைக்காரர் மறுத்தால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. பற்றுச்சீட்டு, பைண்டிங் அளவுத் தாள், நிழற்படம், எழுத்து முறைப்பாடு ஆகியவற்றோடு உங்கள் வசிப்பிடத்து இணக்க அதிகாரசபைக்குப் போகலாம். நுகர்வோர் ஒப்பந்தத்தில் சொந்த வசிப்பிடத்திலேயே வழக்குத் தொடுக்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. கோரும் தொகை 2000 பிராங்குக்கு மேற்படாவிட்டால், நீங்கள் கேட்டுக்கொண்டால் அந்தச் சபையே தீர்ப்பும் தர முடியும். ஒரு சோடி ஸ்கீயின் விலை பெரும்பாலும் இதற்குள் அடங்கும். அதற்கு முன் ஆலோசனை வேண்டுமென்றால், ஜேர்மன் மொழிப் பகுதியில் பேர்னில் உள்ள நுகர்வோர் பாதுகாப்பு அறக்கட்டளையும், பிரெஞ்சுப் பகுதியில் எஃப்.ஆர்.சி. என்ற நுகர்வோர் அமைப்பும் இருக்கின்றன.

மிச்சம் பிடித்த பணம் எதற்குப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாதைக்கு வெளியே இறங்குபவரிடம் பனிச்சரிவுத் தேடுகருவி, துளாவும் கோல், மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். துணைக்கு வருபவரிடமும் இருக்க வேண்டும். புதையுண்டவரைக் காப்பாற்றும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே சரிந்துவிடுகிறது. உலங்குவானூர்தி அதற்குள் வந்து சேருவது அரிது. பனிச்சரிவில் சிக்குவோரில் மிகப் பெரும்பாலானோர் விஷயத்தில் அந்தச் சரிவைக் கிளப்பியவர்கள் அவர்களோ அவர்கள் குழுவினரோதான். தாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். நிறுவனம் குளிர்காலத்தில் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் படிக்காமல் இறங்குவது உயிருக்கு மட்டுமல்ல, காப்புறுதிக்கும் ஆபத்து. வாரத்துக்கு எட்டு மணிநேரமாவது ஒரே முதலாளியிடம் வேலை செய்பவருக்கு விபத்துக் காப்புறுதி ஓய்வுநேர விபத்தையும் உள்ளடக்குகிறது. ஆனால் வழக்கமான எச்சரிக்கைகளைப் பாரதூரமாக மீறியிருந்தால் பணக் கொடுப்பனவைப் பாதியாகக் குறைக்கவும், கடுமையான சந்தர்ப்பத்தில் மறுக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. வேலை இல்லாதவரும், அதைவிடக் குறைந்த நேரம் வேலை செய்பவரும் நோய்க் காப்புறுதியில் விபத்தையும் சேர்த்திருக்க வேண்டும். அங்கேயும் அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் ஆண்டுக்கு 5000 பிராங்குக்கு மேற்படாமல் தரும். உலங்குவானூர்தி மீட்பு அந்த எல்லையைத் தாண்டிப்போகலாம். 1414 என்ற இலக்கத்தில் அழைக்கும் ரேகா மீட்புச் சேவைக்கு ஆண்டு ஆதரவாளராகச் சேர்ந்தவர்களுக்கு, காப்புறுதி கொடுக்காத பகுதியை அது தள்ளுபடி செய்ய முடியும். ஆகவே ஸ்கீக்குப் பணம் கட்டுவதற்கு முந்திய மாலை, காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, அதில் விபத்து என்ற பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறதா விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.